அமெரிக்கக் கவுன்டியில் இறப்புச் சான்றிதழ்: எங்கே சிக்குகிறது, எப்படி விடுவிப்பது

அப்பா எங்களோடு இருக்க வந்து நாலாவது மாதம் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் சான்றிதழுக்காக மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில் அப்படியொரு பதிவே இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் நான் கேட்டு வாங்கிய தாள், ஊரில் எதற்கும் செல்லாத தாள். மூன்றாவது இடத்தில் சரியான தாள் கிடைத்தது. அதில் அப்பாவின் பெயர் பிழையாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் துக்கம் நேர்ந்தால் இந்தக் காகித வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். போனில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஏழெட்டு வாக்கியங்கள்தான். அந்த வாக்கியங்களையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் வாயில் இப்போது எது வருகிறதோ அங்கே நேராகப் போய்ப் படியுங்கள். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் இறப்புச் சான்றிதழ் இரண்டு பாதியாக உருவாகிறது. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி, தொழில் எல்லாம் ஒரு பாதி. இதைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுவது ஃபியூனரல் ஹோம், அதாவது உடலைப் பொறுப்பேற்று இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்கிற நிறுவனம். இறப்புக்கான காரணம் இன்னொரு பாதி. இதை எழுதிக் கையெழுத்துப் போடுவது டாக்டர். சில இறப்புகளில் கொரோனர் அல்லது மெடிக்கல் எக்ஸாமினர், அதாவது திடீர் இறப்பு, டாக்டர் பார்க்காத இறப்பு போன்றவற்றை விசாரிக்கிற அரசு அதிகாரி. இரண்டு பாதியும் சேர்ந்த பிறகு உள்ளூர்ப் பதிவாளரிடம் பதிவாகி, அங்கிருந்து மாநில அரசுக்குப் போகிறது. கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. அதன் அலுவலகக் கவுன்டரில் இருப்பவர் பதிவானதை அச்சடித்துத் தருகிறவர் மட்டுமே. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: என் சிக்கல் எந்தப் பாதியில் இருக்கிறது? பெயர்ப் பிழைக்கு டாக்டரைத் துரத்தியும், காரணத்தை மாற்றச் சொல்லி ஃபியூனரல் ஹோமில் சண்டை போட்டும் வாரக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“கவுன்டியில் பதிவே இல்லை என்கிறார்கள்”

பத்தில் எட்டுத் தடவை காரணம் ஒன்றுதான். குடியிருந்த இடத்தின் அலுவலகத்துக்குப் போயிருப்பார்கள். பதிவு இருப்பது உயிர் பிரிந்த இடத்தில். வீடு ஃப்ரீமான்ட்டில், அது அலமீடா கவுன்டி. கடைசி நாட்களில் சேர்த்த மருத்துவமனை பாலோ ஆல்டோவில். அது சான்டா கிளாரா கவுன்டி. சான்றிதழ் சான்டா கிளாராவில்தான் கிடைக்கும். ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் போங்கள் என்று நான் சொல்வது வழக்கம்.

அடுத்த காரணம், அந்த மாநிலத்தில் இந்த வேலை கவுன்டியிடம் இல்லாமல் இருப்பது. இதில் ஒரே மாதிரியான ஏற்பாடு நாடு முழுக்கக் கிடையாது. இல்லினாயில் கவுன்டி கிளார்க். வட கரோலினாவில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ், அதாவது பத்திரப் பதிவு நடக்கிற அதே அலுவலகம். நியூ ஜெர்சியில் கவுன்டிக்குப் போய் நிற்பது வீண். இறப்பு நடந்த டவுன்ஷிப் அல்லது நகரத்தின் ரெஜிஸ்ட்ராரிடம் போக வேண்டும். நியூயார்க் மாநிலத்திலும் அந்தந்த ஊர்ப் பதிவாளர்தான். நியூயார்க் நகரம் மட்டும் தனி: பரோ என்கிற அதன் ஐந்து பகுதிகளிலும் நடந்த இறப்புகளுக்கு நகரச் சுகாதாரத் துறையே சான்றிதழ் தருகிறது, மாநிலத் தலைநகர் ஆல்பனிக்கு எழுதினால் கிடைக்காது. வர்ஜீனியாவில் டிரைவிங் லைசென்ஸ் வாங்குகிற டிஎம்வி அலுவலகத்திலேயே இறப்புச் சான்றிதழும் வாங்கலாம். இது தெரியாமல் தலைநகருக்குத் தபால் போட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

கலிஃபோர்னியாவில் ஒரே கவுன்டிக்குள் இரண்டு வாசல். சமீபத்தில் நடந்த இறப்பு என்றால் பொதுச் சுகாதாரத் துறை. பழையது என்றால் ரெக்கார்டர் (ஆவணப் பதிவு) அலுவலகம். பெர்க்லி, லாங் பீச், பாசடீனா மூன்று நகரங்களுக்கும் சொந்தச் சுகாதாரத் துறை இருப்பதால் அங்கே நடந்த இறப்புக்கு நகரத்தின் வாசலைத் தட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் அவசரம். இன்னும் பதிவாகவில்லை, அவ்வளவுதான். ஃபியூனரல் ஹோமுக்குப் போன் செய்து “பதிவாகிவிட்டதா, பதிவு எண் வந்துவிட்டதா” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். உண்மையில் முதல் தடவை வாங்க நீங்கள் அலுவலகத்துக்குப் போகவே வேண்டாம். எத்தனை பிரதி வேண்டும் என்று ஃபியூனரல் ஹோமிடம் சொன்னால் அவர்களே வாங்கித் தருவார்கள். நான் எட்டு முதல் பத்துப் பிரதி சொல்வேன். இங்கத்து வங்கி, இன்ஷூரன்ஸ், வேலை பார்த்த கம்பெனி, ஊரில் நிலம், ஊரில் வங்கி, தூதரகம் என்று ஒவ்வொருவரும் முத்திரையுள்ள பிரதியைத்தான் கேட்பார்கள். ஜெராக்ஸ் எடுத்துச் சமாளிக்கலாம் என்றால், அந்தப் பாதுகாப்புத் தாளை நகல் எடுக்கும்போது செல்லாது என்ற சொல் எழும்பி வருகிற மாதிரி அச்சடித்திருப்பார்கள். டெக்சஸில் முதல் பிரதி 20 டாலர், அதோடு சேர்த்து வாங்கும் ஒவ்வொரு கூடுதல் பிரதியும் 3 டாலர்தான். அங்கே இரண்டாம் முறை போய்த் தனியாக ஒன்று வாங்குவது நஷ்டம். நியூயார்க் நகரத்தில் ஒவ்வொரு பிரதியும் 15 டாலர்.

இணையத்தில் தேடி முதலில் வருகிற தளத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். அரசு முத்திரை மாதிரியே படம் போட்டுக்கொண்டு, படிவத்தை நிரப்பித் தருவதற்கு மட்டும் காசு வாங்குகிற தனியார் தளங்கள் நிறைய. கவுன்டியின் சொந்தத் தளத்தைத் திறந்து, அங்கிருந்து அவர்கள் காட்டுகிற இணைப்பு வழியாகப் போங்கள். பல கவுன்டிகள் வைட்டல்செக் என்ற நிறுவனத்தின் வழியாக ஆர்டர் எடுக்கின்றன. அதற்குத் தனிச் சேவைக் கட்டணம் உண்டு. எந்த மாநிலத்தில் யாருக்கு எழுத வேண்டும் என்ற முழுப் பட்டியலை மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி வைத்திருக்கிறது. குழப்பமாக இருந்தால் அதில் தொடங்குங்கள்.

“இரண்டு வாரமாகிறது, இன்னும் பதிவாகவில்லையாம்”

இது டாக்டர் பாதி. கலிஃபோர்னியாவில் சட்டப்படி டாக்டர் 15 மணி நேரத்துக்குள் தன் பகுதியை முடிக்க வேண்டும்; 8 நாட்களுக்குள், தகனத்துக்கு முன்பாகவே, பதிவு நடக்க வேண்டும். டெக்சஸில் பதிவுக்கு 10 நாள். நடைமுறையில் மருத்துவமனை டாக்டர் ஷிஃப்ட் முடிந்து போயிருப்பார், குடும்ப டாக்டர் விடுமுறையில் இருப்பார், இருவரும் “அவர் போடட்டும்” என்று விட்டிருப்பார்கள்.

ஃபியூனரல் ஹோமிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “கையெழுத்துக்காக யாருடைய பெயரில் அனுப்பியிருக்கிறீர்கள்?” பெயர் கிடைத்ததும் அந்த டாக்டரின் அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். ஹாஸ்பிஸில், அதாவது கடைசி நாட்களுக்கான பராமரிப்பில், இருந்தவர் என்றால் ஹாஸ்பிஸின் மெடிக்கல் டைரக்டர் போடலாம். குடும்பத்திலிருந்து போகிற ஒரு போனுக்கு இருக்கிற வேகம் அலுவலகத்திலிருந்து போகிற நாலு ஃபேக்ஸுக்குக் கிடையாது.

ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே டாக்டரே இருந்திருக்க மாட்டார். வீட்டிலேயே தூக்கத்தில் போயிருப்பார்கள். அப்போது விஷயம் கொரோனரிடம் போகும். கலிஃபோர்னியாவில், இறப்பதற்கு முந்தைய 20 நாட்களுக்குள் எந்த டாக்டரும் பார்க்கவில்லை என்றாலே கொரோனருக்குத் தெரிவித்தாக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. ஊரில் பார்த்த டாக்டரின் சீட்டு, எக்கோ ரிப்போர்ட், தினமும் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு விசாரணைக்கு வருபவரிடம் கொடுங்கள். இதய நோய்க்கான பழைய ஆதாரம் கையில் இருந்தால் பல சமயம் விஷயம் அங்கேயே சீக்கிரம் முடிகிறது. இந்தியாவிலிருந்து அம்மா அப்பா வரும்போது இந்தக் கவரை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போதும் அது உதவும்.

“காரணம் என்ற இடத்தில் ‘பெண்டிங்’ என்று போட்டிருக்கிறது”

கொரோனர் ஆய்வு முடியவில்லை என்று பொருள். டாக்ஸிகாலஜி ரிப்போர்ட்டுக்கு, அதாவது உடலில் மருந்தோ நச்சோ இருக்கிறதா என்ற பரிசோதனைக்கு, வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆகும். சான்றிதழ் செல்லும். தகனத்துக்கும், வங்கிக் கணக்கை மூடவும், பாஸ்போர்ட் ரத்துக்கும் இதுவே போதும். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் மட்டும் முடிவான காரணம் வரும்வரை காத்திருக்கச் சொல்லும். அதனால் பெண்டிங் நிலையில் இரண்டு மூன்று பிரதி மட்டும் வாங்குங்கள். திருத்தம் பதிவான பிறகு மீதியை வாங்கிக்கொள்ளலாம். திருத்தியது தானாக உங்கள் வீட்டுக்கு வராது. மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

“பெயர் தப்பாக வந்திருக்கிறது”

நான் இங்கே கொஞ்சம் நிதானமாகவே எழுதப்போகிறேன். எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இது. கேட்டால் ஒவ்வொரு தடவையும் பிழை பிறந்த இடம் கவுன்டியில் இல்லை. ஃபியூனரல் ஹோம் மேஜையில்.

அந்த மேஜையை நினைத்துப் பாருங்கள். இறந்து ஆறேழு மணி நேரம்தான் ஆகியிருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்காத மகன் உட்கார்ந்திருப்பான். எதிரே இருக்கும் பெண்மணி கனிவான குரலில் கேட்பார்: ஃபர்ஸ்ட் நேம்? லாஸ்ட் நேம்? அப்பாவின் பெயர்? அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய பெயர்? மகன் வாயால் சொல்லச் சொல்ல அவர் காதில் விழுந்தபடி தட்டச்சு செய்வார். கடைசியில் ஒரு தாளை நீட்டி, சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருக்கிறவன் எழுத்தெழுத்தாகவா பார்ப்பான்? நானும் பார்க்கவில்லை. அப்பா பெயரின் கடைசி எழுத்து ஒன்று விழுந்துபோனது எனக்குத் தெரியவே தெரியாது. அதைத் திருத்த ஐந்து மாதம் ஆயிற்று.

ஆகவே அந்த அறைக்குப் போகும்போது குடும்பத்தில் துக்கம் சற்றுக் குறைவாகத் தாக்கிய ஒருவரை, ஒரு சித்தப்பா மகனோ நண்பனோ, பாஸ்போர்ட்டோடு கூட்டிப் போங்கள். வாயால் சொல்ல வேண்டாம். பாஸ்போர்ட்டை மேஜையில் திறந்து வைத்து, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கி, எழுத்துக்கு எழுத்து, ஒருவர் பாஸ்போர்ட்டைப் படிக்க இன்னொருவர் தாளைப் பார்க்க வேண்டும்.

நம் பெயர்களுக்கென்றே சில குழிகள் உண்டு. ஊரில் வங்கிப் புத்தகத்தில் ‘கே. முருகேசன்’. பட்டாவில் ‘முருகேசன், த/பெ கந்தசாமி’. பாஸ்போர்ட்டில் பெயர் முருகேசன், குடும்பப் பெயர் கந்தசாமி. இங்கே சான்றிதழில் முருகேசன் கந்தசாமி. எந்தப் பிழையும் இல்லாமலேயே, ஊரில் வங்கி மேலாளர் பார்வையில் இவர்கள் மூன்று பேர். இதற்கு மருந்து அந்தச் சான்றிதழ்ப் படிவத்திலேயே இருக்கிறது. 2003-ல் திருத்தப்பட்ட அமெரிக்கப் பொதுப் படிவத்தின் முதல் கட்டம் சட்டப்படியான பெயரைக் கேட்கிறது. ‘வேறு பெயர்கள் இருந்தால் சேர்க்கவும்’ என்றும் அதிலேயே போட்டிருக்கிறது. கலிஃபோர்னியாப் படிவத்தில் அதற்குத் தனிக் கட்டமே உண்டு. ‘கே. முருகேசன்’ என்பதை அங்கே எழுதச் சொல்லுங்கள். அந்த மேஜையில் அரை நிமிட வேலை. அதை விட்டுவிட்டால் ஊரில் இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் போய், வங்கியில் சட்ட ஆலோசனைக்குப் போய் வருவதற்குள் வருஷம் திரும்பிவிடும்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று விழுந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவைப் பார்த்துத் தட்டச்சு செய்தால், உங்கள் தாயார் ‘எஃப்என்யு மீனாட்சி’ என்ற பெயரில் இறந்ததாகப் பதிவாகும். விசாப் பக்கத்தைக் காட்டாதீர்கள், பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று அவர்கள் கணினி அடம்பிடித்தால், வேறு பெயர்கள் என்ற இடத்திலாவது பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒற்றைப் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

உயிரோடு இருக்கும் துணையின் பெயரைக் கேட்கிற கட்டமும் சிக்கலானது. மனைவி என்றால் முதல் திருமணத்துக்கு முந்தைய பெயரைத்தான் அது கேட்கிறது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் பின்னால் அப்பா பெயர் ஒட்டியிருக்கும். சான்றிதழில் தாத்தா பெயர் ஒட்டியிருக்கும். இது பிழையல்ல. ஊரில் யாராவது கேள்வி கேட்டால் திருமணப் பதிவையோ, அம்மா அப்பா இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டையையோ காட்டினால் பெரும்பாலும் போதும்.

முகவரிக் கட்டத்தில், வருகையாளராக வந்தவருக்கு மகன் வீட்டு முகவரியைப் போடாதீர்கள். அவர் வாழ்ந்த ஊர் முகவரியைக் கொடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது தாசில்தார் அலுவலகத்தில் முதலில் பார்ப்பது கடைசியாகக் குடியிருந்த இடம் எது என்பதைத்தான். தொழில் கட்டத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதக் கூடாது. வாழ்நாளில் அதிக காலம் செய்த வேலையை எழுத வேண்டும். என் அப்பாவுக்கு அங்கே ‘ஆசிரியர்’ என்று இருக்கிறது. அந்தத் தாளில் நான் பார்த்து ஆறுதல் அடைந்த ஒரே சொல் அது.

சரி, பிழை விழுந்தே விட்டது. என்ன செய்வது? அசல் பதிவை அழித்து எழுத மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் விஎஸ் 24 என்ற படிவத்தில், உண்மை தெரிந்த இரண்டு பேர் கையெழுத்திட்டுத் திருத்தம் கேட்க வேண்டும். இறந்து சில வாரங்களுக்குள் என்றால் ஃபியூனரல் ஹோமே இதைச் செய்து தரும். தட்டச்சுப் பிழை அவர்களுடையது என்றால் செய்து தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். திருத்தம் ஏற்கப்பட்டதும் அது அசலின் பின்னால் கூடுதல் பக்கமாகச் சேர்கிறது. அதற்குப் பிறகு உங்கள் சான்றிதழ் இரண்டு பக்கம். ஊரில் எங்கே கொடுத்தாலும் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பழைய பிழையோடு பதிவேற்றி வைத்த கதைகள் இருக்கின்றன.

“உங்களுக்குத் தர முடியாது என்கிறார்கள்”

நம் வீடுகளில் இப்படிப்பட்ட வேலைகளை ஓடியாடிச் செய்பவர் மருமகனாகவே இருப்பார். கலிஃபோர்னியாவின் அதிகாரம் பெற்ற உறவினர் பட்டியலில் பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர், துணைவர் இருக்கிறார்கள். மருமகன், மருமகள், தங்கை மகன் யாரும் கிடையாது. மாமனாருக்காக மாப்பிள்ளை போய் நின்றால், தகவலுக்கான பிரதியைத்தான் கையில் கொடுப்பார்கள். நான் முதல் தடவை வாங்கிய செல்லாத தாள் அதுதான்; நான் மகளாக இருந்தும், படிவத்தில் டிக் செய்த இடம் தவறிவிட்டது. அதன் மேல் ‘அடையாளத்தை நிலைநாட்டச் செல்லத்தக்க ஆவணம் அல்ல’ என்ற பொருளில் பெரிய எழுத்தில் ஆங்கில வாசகம் இருக்கும். விவரங்கள் அத்தனையும் அதேதான், ஆனால் எந்த வங்கியும் வாங்காது.

மகனோ மகளோ நேரில் போனால் அங்கேயே உறுதிமொழியில் கையெழுத்துப் போடலாம். தபாலில் கேட்டால் அந்த உறுதிமொழி நோட்டரி முன்பாகக் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். நோட்டரி இல்லாமல் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிடும், அதில் ஒரு மாதம் போய்விடும்.

ஓஹாயோவில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது, யார் கேட்டாலும் தருவார்கள். ஃபுளோரிடாவில் காரணம் இல்லாத பிரதியை வயது வந்த யாரும் வாங்கலாம். காரணத்தோடு கூடிய பிரதி 50 ஆண்டுகள் வரை நெருங்கிய உறவுகளுக்கு மட்டும். அதனால் ஃபுளோரிடாவில் ஆர்டர் செய்யும்போது காரணத்தோடு சில, காரணம் இல்லாமல் சில என்று பிரித்துக் கேளுங்கள். இன்ஷூரன்ஸுக்கு முதல் வகை, வீடு நிலத்துக்கு இரண்டாவது வகை. அப்பாவின் நோயை எல்லா கவுன்டரிலும் நீட்ட வேண்டியதில்லை.

“இந்தியாவில் ஏற்க மாட்டேன் என்கிறார்கள்”

அப்போஸ்டில், அதாவது ஆவணம் வேறு நாட்டில் செல்லுபடியாக அதனோடு இணைக்கும் அரசுச் சான்று, இல்லாமல் அனுப்பியிருப்பீர்கள். அமெரிக்கா 1981-லும் இந்தியா 2005-லும் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டதால், சான்றிதழோடு அந்த மாநிலத்துச் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் இணைக்கும் ஒரு தாள் போதும். வாஷிங்டனுக்கும் தூதரகத்துக்கும் முத்திரைக்காக அலைகிற பழைய முறை தேவையில்லை. எந்த மாநிலம் சான்றிதழ் கொடுத்ததோ அந்த மாநிலம்தான் அப்போஸ்டிலும் தர முடியும். நீங்கள் இப்போது குடியிருக்கும் மாநிலம் தராது.

இதில் திரும்பி வருகிற விண்ணப்பங்கள் பெரும்பாலும் கையெழுத்துக் காரணத்தால். மாநில அலுவலகம், சான்றிதழில் கையெழுத்திட்ட அதிகாரியின் கையெழுத்துத் தன் கோப்பில் இருக்கிறதா என்று பார்க்கும். கலிஃபோர்னியாவில் சுகாதார அதிகாரி கையெழுத்திட்ட பிரதிக்கு முதலில் கவுன்டி கிளார்க்கின் சான்று கேட்கலாம். ரெக்கார்டர் அலுவலகப் பிரதிக்கு அந்தப் படி இல்லை. நியூயார்க் நகரம்தான் நீளமான வழி: சான்றிதழ் வாங்கும்போதே எக்ஸெம்ப்ளிஃபிகேஷன் கடிதம் (சான்றிதழ் உண்மையானது என்று சுகாதாரத் துறை தரும் கடிதம்) ஒன்றும் சேர்த்துக் கேட்க வேண்டும், பிறகு மன்ஹாட்டனில் கவுன்டி கிளார்க்கிடம் கையெழுத்துச் சான்று, அதன் பிறகு அப்போஸ்டில் தரும் மாநில அலுவலகம். கடிதம் கேட்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்கள் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

இன்னொரு பிடுங்கல், தேதி. இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். 03/07 என்றால் மார்ச் 7. ஊரில் அதை ஜூலை 3 என்று படிப்பார்கள். வாரிசுச் சான்றிதழில் ஜூலை என்று ஏறி, அதை வைத்துப் பட்டா மாறுதலில் ஏறி, பிறகு ஒவ்வொரு இடமாகத் திருத்திய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். விண்ணப்பத்தோடு ஒரு சிறு கடிதத்தில் தேதியை மாதப் பெயரோடு எழுதி இணைத்துவிடுங்கள்.

இறந்தவர் இந்தியக் குடியுரிமை உள்ளவர் என்றால் இந்தியத் துணைத் தூதரகத்தில் இறப்பைப் பதிவு செய்யலாம்; 1969-ம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவு வெளிநாட்டில் நடந்த இறப்புகளுக்கானது. பாஸ்போர்ட்டையும் அங்கே ரத்து செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத்தை நிரூபிக்கப் பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

“ஊருக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார், கவுன்டியில் கேட்டால் இல்லை என்கிறார்கள்”

இல்லைதான். சென்னையில் இறந்தவருக்கு எந்த அமெரிக்கக் கவுன்டியிலும் பதிவு இருக்காது. 21 நாட்களுக்குள் சென்னை மாநகராட்சியில் பதிவு செய்யுங்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் என்றால் அதை எடுத்துக்கொண்டு சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தை அணுகினால், வெளிநாட்டில் இறந்த அமெரிக்கக் குடிமகன் பற்றிய அறிக்கை ஒன்று தருவார்கள். அமெரிக்க வங்கி, சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் துறை), நீதிமன்றம் எல்லாம் அதை இறப்புச் சான்றாக ஏற்கும்.

“கவுன்டியில் ஆபிச்சுவரி கேட்டேன், எங்களிடம் கிடையாது என்றார்கள்”

ஆபிச்சுவரி அரசுப் பதிவு இல்லை. குடும்பம் எழுதிக் கொடுத்து, பெரும்பாலும் காசு கட்டி, உள்ளூர்ப் பத்திரிகையில் போடும் காலமானார் அறிவிப்பு அது. ஆகவே தேட வேண்டிய இடம் பத்திரிகை, பொது நூலகம், அந்தக் கவுன்டியின் வரலாற்றுச் சங்கம் அல்லது வம்சாவளிச் சங்கம். அண்மைக் காலத்து இறப்பு என்றால் ஃபியூனரல் ஹோமின் தளத்திலேயே இருக்கும். அதை இன்றே பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். ஃபியூனரல் ஹோம் கைமாறினால் பக்கம் காணாமல் போய்விடுகிறது.

சிலர் என்னிடம் கேட்பது இதைவிடப் பழைய கதை. அறுபதுகளில் படிக்க வந்து இங்கேயே தங்கி, கடிதம் நின்றுபோன பெரியப்பா. எந்த ஊரில், எந்த வருஷம் இறந்தார் என்று கூடத் தெரியாது. இந்தத் தேடலை நான் விரும்பிச் செய்கிறேன். ஊரில் ஒரு படத்துக்கு மாலை போட நாள் தெரியாமல் ஒரு வீடு தவித்துக்கொண்டிருக்கும்.

முதலில் தேதியும் கவுன்டியும் கிடைக்க வேண்டும். ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். சோஷியல் செக்யூரிட்டியின் இறப்புப் பட்டியல் அங்கே இருக்கிறது. 1940 முதல் 1997 வரையிலான கலிஃபோர்னியா இறப்புப் பட்டியலும் இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி பட்டியலில் இல்லை என்பதால் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிவிட வேண்டாம். 2011-ல் மாநிலங்கள் கொடுத்த ஏராளமான பதிவுகளை அதன் பொதுப் பதிப்பிலிருந்து நீக்கினார்கள்; 2013-ன் சட்டம் இறந்து மூன்று ஆண்டுகள் வரையிலான விவரங்களைப் பொதுப் பார்வைக்கு மூடிவிட்டது. நூலகத்தின் மைக்ரோஃபிலிம் சுருள்கள் பெரும்பாலும் கணினிக்கு ஏறாதவை. தேதி தெரிந்தால் நூலகருக்கு எழுதலாம். இறந்த நாளிலிருந்து பத்து நாள் வரையிலான இதழ்களைப் பார்த்துத் தரும்படி கேளுங்கள். பல ஊர் நூலகங்கள் சிறு கட்டணத்துக்கோ இலவசமாகவோ செய்து தருகின்றன. 1963 வரையிலான பழைய செய்தித்தாள்களில் ஒரு பகுதியைக் காங்கிரஸ் நூலகம் கிரானிக்ளிங் அமெரிக்கா என்ற பெயரில் இலவசமாக வைத்திருக்கிறது.

நம் பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். சுப்பிரமணியத்தை இங்கே பன்னிரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அவருடைய அப்பா பெயரில் தேடுங்கள், பிறந்த நாடு இந்தியா என்பதையும் பிறந்த வருஷத்தையும் மட்டும் கொடுத்துத் தேடுங்கள். அப்படித்தான் ஒரு பெரியப்பாவைக் கண்டுபிடித்தோம். பட்டியலில் ‘சாம்’ என்று இருந்தது. சாமிநாதனைச் சுருக்கி அவரே வைத்துக்கொண்ட பெயர். பிறந்த தேதி மட்டும் பள்ளிச் சான்றிதழோடு அப்படியே பொருந்தியது. அந்தக் கவுன்டிக்கு எழுதிச் சான்றிதழ் வாங்கினோம். தந்தை பெயர் என்ற கட்டத்தில், ஊர்க்காரர்கள் எழுதுகிற அதே எழுத்துக்கூட்டலில், அவர்கள் தாத்தாவின் பெயர் முழுசாக இருந்தது.